மலைபடுகடாத்தில் சூரும் ஓசையும்

1. பெயரிடுவதில் எழும் சிக்கல்

மனித ஆற்றலைக் கடந்தனவாக மக்கள் கருதிய உயிர்களைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பலவாகும். அணங்கு, சூர், அரமகளிர், பேய், பேய்மகள், கூளி, கழுது, பூதம், அவுணர், அரக்கர் என வரும் இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் தனக்குரிய இடமும் செயலும் உடையது. ஆயினும் பிற்கால உரைநடையிலும் மொழிபெயர்ப்பிலும் இவையெல்லாம் ஒரே தலைப்பின்கீழ் அடைக்கப்பட்டு, 'பேய்' என்றோ 'தீய ஆவி' என்றோ பெயர் பெறுகின்றன. நாட்டார் வழக்காறு தொகுக்கச் செல்லும் ஆய்வு மாணவர் குறிப்பேட்டில் 'பேய் நம்பிக்கை' என ஒரு பக்கம் வகுத்துக்கொண்டு, காட்டுத் தெய்வம், நீர்நிலைக் கன்னிமார், நடுகல் வீரன், சுடலை ஆவி ஆகிய அனைத்தையும் அப்பக்கத்திலேயே எழுதி முடிப்பதும் உண்டு.

இவ்வழக்கம் தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்க மொழியில் 'தைமோன்' என்னும் சொல் நன்மை தீமை என்ற வேறுபாடின்றித் தெய்வ ஆற்றலைக் குறித்தது. தம்மைத் தவற்றினின்று தடுக்கும் உட்குரலைச் சாக்ரடீசு அச்சொல்லின் அடியாகப் பிறந்த பெயராலேயே வழங்கினார் எனப் பிளேட்டோவின் நூல்களால் அறிகிறோம். கிறித்தவ மறைநூல்களில் அச்சொல் தீய ஆவிகளுக்கே உரியதாயிற்று. அப்பொருளோடுதான் அது ஐரோப்பியர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது. 1849-இல் திருநெல்வேலி மக்களைப் பற்றித் தாம் வெளியிட்ட ஆங்கில நூலில் கால்டுவெல் அவர்கள் அம்மக்கள் தம் தெய்வங்களுக்குச் செய்த வழிபாட்டைப் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். 1856-இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் வேறுபாடுகளை அத்துணை நுண்மையாகப் பிரித்துக் காட்டிய அவ்வறிஞர், அம்மக்கள் தெய்வங்களின் வேறுபாட்டை அதே நுண்மையோடு காணவில்லை.

இப்பொதுப்பெயர் இலக்கியத்தைப் படிக்கும் முறையையும் கெடுத்துவிடுகிறது என்பதை ஒரு பாட்டின் வாயிலாகக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பாட்டு மலைபடுகடாம். அதில் வரும் சூரும் அரமகளிரும் கடவுளும் அச்சுறுத்தும் தீய உயிர்களும் அல்ல. மலைக்கு அழகூட்ட வந்த புனைவுகளும் அல்ல. அவை வழியின் ஒழுங்குகள். வழிச்செல்வார் எங்கே ஓசை எழுப்பலாம், எங்கே அடங்கிச் செல்லவேண்டும், எங்கே இசைத்தே ஆகவேண்டும் என்பதை அவையே வரையறுக்கின்றன.

2. நூலும் நிலமும்

பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்பது மலைபடுகடாம். 583 அடிகளையுடைய இப்பாட்டு, நீளத்தில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நிலையில் உள்ளது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனைப் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். 1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது இதுவும் அச்சேறிற்று.

செங்கண்மா இன்றைய செங்கம் என்பதும், பாட்டில் வரும் நவிரமலை இன்றைய பருவதமலை என்பதும் ஆய்வாளர் பலரும் ஒப்பிய முடிபாகும். செங்கத்தின் வழியே ஓடும் சேயாறு சவ்வாது மலையிற் பிறப்பது. அம்மலைத்தொடரின் தென்பால் அடிவாரத்தில் செங்கமும், வடபால் அடிவாரத்தில் வேலூரை அடுத்த அமிர்தியும் உள்ளன. தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்ட வேலூர், ஆம்பூர்ப் பகுதியினர்க்குச் சவ்வாது மலையின் வாயில்களுள் ஒன்றாக இருப்பது அமிர்தி. 1967-இல் அமைந்த விலங்கியற் பூங்காவினாலேயே அவ்வூரை இன்று பலரும் அறிவர். ஆயினும் மழைக்காலத்தில் நீர்பெருகும் அருவியும், மரங்களிடையே ஒடுங்கிச் செல்லும் ஆறும், அவற்றைச் சூழ்ந்த மலைச்சரிவும் சேர்ந்த அந்நிலத்தைக் கண்டவர்க்கு மலைபடுகடாத்தின் வழிக்குறிப்புகள் வெறுங்கற்பனையாகத் தோன்றா. பாட்டின் வழி அமிர்தியைத் தொட்டுச் சென்றது என்று கூறுவதற்கில்லை. பாட்டின் நிலம் எத்தகையது என உணர்தற்கு அது துணையாகும் என்பதே கருத்து.

இப்பாட்டில் பேசுபவன் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன். கேட்பவன் பரிசில் நாடிச் செல்லும் மற்றொரு கூத்தர் குழுவின் தலைவன். முழவு, ஆகுளி, பாண்டில், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைச் சுமந்து செல்லும் குழு அது. ஆதலின் வழிகூறுவான் கூறும் எச்சரிக்கைகள் இசைவாணர்க்கு உரிய எச்சரிக்கைகளாக அமைந்தன. உழவனுக்கோ வணிகனுக்கோ கூறும் வழியாயின் இவ்வாறு அமைந்திராது. இதனை மறவாமல் படித்தால் பாட்டின் மூன்று இடங்கள் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம்.

3. இசைக்கலாகாத இடம்

முதலாவது, ஆற்றோரத்து வழியில் பழைய மதில் சூழ்ந்த இடத்தில் உறையும் கடவுளைப் பற்றியது. அக்கடவுளைக் கண்டால் தொழுது செல்லுங்கள். வீணே உங்கள் இசைக்கருவிகளைத் தொடாதீர்கள். அவனது வளமான மலையில் மழை பெய்யும் என்பது வழிகூறுவான் தரும் அறிவுரை.

இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. 'அவன்' என்னும் சுட்டு யாரைக் குறிக்கும் என்பது ஒன்று. நன்னனைக் குறிப்பதாயின், மழை மலைக்கு இயல்பானது. கருவிகளைத் திறந்தால் நனைந்து கெடும் என்பது பொருளாகும். முழவும் ஆகுளியும் தோற்கருவிகள். ஈரம் ஏறிய தோல் தளர்ந்து ஓசை குன்றும் என்பது அவற்றை முழக்குவார் அறிந்த உண்மை. கடவுளைக் குறிப்பதாயின், கடவுளின் முன் முறையின்றி எழுப்பிய ஓசையே மழைக்குக் காரணமாகும். இவ்விரண்டில் எது சரி என்பது மற்றொரு வினா.

ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளவேண்டும் என்னும் எண்ணம் நம் காலத்தது. பாட்டில் அவ்விரண்டும் பிரிந்து நிற்கவில்லை. கடவுளுக்குச் செய்யும் மரியாதையும் முழவின் தோலைக் காக்கும் முன்னெச்சரிக்கையும் ஒரே செயலாக, ஒரே தொடருக்குள் அடங்குகின்றன. நன்னனின் மலை, கடவுளின் மலை என்னும் இரு பொருளுக்கும் அச்சுட்டு இடந்தருவது பாட்டின் குறையன்று. தலைவனின் ஆட்சியும் தெய்வத்தின் ஆட்சியும் ஒரு நிலத்தின்மேலேயே படிந்துள்ளன என்பதை அது நுட்பமாகக் காட்டுகிறது. அக்கடவுள் தீங்கு செய்வான் என்று ஒரு சொல்லும் இல்லை. அவன் உறையும் இடத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதே கூறப்படுகிறது.

4. நோக்கலாகாத இடம்

இதனையடுத்தே சூர் வருகிறது. மயில் ஆடித் தளர்ந்தாலும், கூத்தர் சிறுவர்போலக் கடுவன் மூங்கிற் கொம்பில் தாவினாலும், சூர் விரும்பி உறையும் மலைச்சரிவில் தேனடையைக் கண்டாலும், சட்டெனத் திரும்பி நோக்குதலைத் தவிருங்கள். நோக்கினால் வரிசையாகச் செல்லும் உங்கள் மெல்லடிகள் வழிமாறிவிடும் என்கிறான் வழிகூறுவான்.

சூரைப் பற்றிய அச்சம் சங்கப் பாடல்களில் பரவலாகக் காணப்படுவது. குறுந்தொகை 52-ஆம் பாட்டில், தலைவி சூரால் விரும்பப்பட்டாள்போல நடுங்கினாள் எனத் தோழி கூறுகிறாள். அங்கும் சூருக்கு உருவமில்லை. அதன் இருப்பிடமும் அது தரும் நடுக்கமுமே உண்டு. மலைபடுகடாத்தில் அந்நடுக்கமும் குறைந்து, நடை பற்றிய அறிவுரையாக மாறுகிறது. மயில், கடுவன், தேனடை, சூர் ஆகிய நான்கும் ஒரே வரிசையில் நிற்பது நோக்கத்தக்கது. கூத்தரின் கண் எவற்றை நாடுமோ அவற்றையே புலவர் அடுக்கினார். ஆட்டத்தில் வல்லவர் மயிலாட்டத்தையும் கழைக்கூத்துப் போன்ற கடுவனின் தாவலையும் நோக்காமல் இரார். அந்நோக்கே அவர்க்கு இடர். செங்குத்தான சரிவில் காலையன்றிப் பிறவற்றை நோக்குவோன் விழுவான். சூர் உறையும் இடம் என்பது கண் தடுமாறும் இடமாகவும் இருக்கிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கைக் கூறினார். இவற்றுள் அணங்கு தனிவகையாக ஒதுக்கப்படாமல் விலங்கோடும் கள்வரோடும் அரசனோடும் ஓரினமாக வைக்கப்பட்டது. நான்கும் வழியில் எதிர்ப்படுவன. நான்கிற்கும் உரிய ஒழுகலாறு உண்டு. அரசனைக் கண்டு அஞ்சுவோர் அவனைத் தீயன் என்று கருதுவதில்லை. அணங்கிடத்து உள்ள அச்சமும் அத்தகையதே என்பது அவ்வடுக்கின் குறிப்பு.

உருசிய நாட்டார் கதைகளில் 'லேசி' என்னும் காட்டாவி வழிச்செல்வாரை வழிமாறச் செய்யும் எனக் கூறப்படும். உரோமர் ஒவ்வோரிடத்திற்கும் உரிய காவல் ஆவி உண்டெனக் கொண்டு அதனை வணங்கினர். இடத்தோடு பிணைந்த இத்தகைய உயிர்களை உலகின் பல மக்களும் அறிந்திருந்தனர். மலைபடுகடாத்தின் தனித்தன்மை யாதெனின், வழிமாறுதல் சூரின் வினையாகக் கூறப்படாமல், முறையின்றி நோக்கியவரின் வினையாகக் கூறப்படுவதே. லேசி ஏமாற்றுகிறது, சூர் ஏமாற்றவில்லை. அது தன் இடத்தில் இருக்கிறது, அவ்வளவே.

5. இசைக்கவேண்டிய இடம்

மூன்றாவது இடம் நடுகற்கள் நிற்கும் கவர்த்த வழிகள். பகைவர் ஆரவாரித்தபோது புறங்காட்ட நாணி உயிர்கொடுத்த மறவரின் பெயரொடு நட்ட கற்கள் அவ்வழிகளில் மிகப்பல என்றும், அவர்கள் விரும்புமாறு தொன்று தொட்ட மரபின்படி யாழை இசைத்து விரைந்து செல்லுங்கள் என்றும் கூத்தன் கூறுகிறான். முன்னிடத்தில் கருவிகளைத் தொடாதீர் என்றவன் ஈண்டு இசைத்துச் செல்லுங்கள் என்கிறான். கடவுள் அமைதியை வேண்டுகிறான். இறந்த மறவன் பாட்டை வேண்டுகிறான். இவ்வேறுபாட்டை அறியாது இரண்டையும் 'ஆவி வழிபாடு' எனக் குறித்துவிட்டால் பாட்டின் நுட்பம் அழிந்துபோகும்.

இதனைத் தொடர்ந்து, முன்பின் அறியாது புதிதாக வருவோர்க்கு அடையாளமாகச் சந்திகளைத் துடைத்துப் புல்லை முடிந்து வையுங்கள் என்றும் அவன் கூறுகிறான். நடுகல்லும் புல்முடிப்பும் அடுத்தடுத்து வருவது தற்செயலன்று. இரண்டும் வழிகாட்டும் குறிகள். ஒன்று இறந்தவர் இருப்பவர்க்கு இட்ட குறி. மற்றொன்று முன்செல்வார் பின்வருவார்க்கு இடும் குறி.

செங்கம் பகுதி நடுகற்களுக்குப் புகழ்பெற்றது என்பதைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை உலகறியச் செய்தது. இரா. நாகசாமி அவர்கள் பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972-இல் வெளிவந்தது. பல்லவர் காலந்தொட்டு அமைந்த இக்கற்கள் பல வட்டெழுத்தில் வீரரின் பெயரையும் அவர் இறந்த பூசலையும் தாங்கி நிற்கின்றன. இவை மலைபடுகடாத்திற்குக் காலத்தால் பிந்தியவை. ஆயினும் கவர்த்த வழிகளில் பெயரொடு நட்ட கற்கள் பலவென்னும் புலவரின் கூற்று அந்நிலத்தின் மரபைக் கண்டு கூறியது என்பதற்கு இவை சான்றாகும். இத்தகைய கற்கள் சில செங்கம், திருவண்ணாமலை, தருமபுரிப் பகுதிகளில் வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றன. வேடியப்பனைப் பேய் என்று அவ்வூரார் கூறார். அவ்வாறு கூறியவர் வெளியிலிருந்து வந்து எழுதியவரே.

6. ஒலிகளின் வரிசையில் அரமகளிர்

பாட்டிற்குப் பெயர்தந்த பகுதி மலையின் ஒலிகளைத் தொகுக்கும் பகுதியாகும். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை அதன் கடாமாகவும் உருவகித்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட அடிகளில் புலவர் ஒலிகளை அடுக்குகிறார். இவ்வடுக்கின் தொடக்கமாக நிற்பது மனிதரின் ஒலியோ விலங்கின் ஒலியோ அன்று. அருவியில் அரமகளிர் குடைந்தாடும் ஒலி. அது உங்கள் இசைக்கருவிகளின் ஒலிபோல் இனிதாயிருக்கும் என்கிறான் கூத்தன்.

இதனையடுத்து ஒற்றையானையைத் துரத்தும் கானவரின் ஆரவாரம், முள்ளம்பன்றியால் தாக்குண்டோரின் அழுகை, புலி பாய்ந்த கணவர் மார்பின் புண்ணை ஆற்றக் கொடிச்சியர் காப்பாகப் பாடும் பாடல், வேங்கைப் பூப் பறிப்போரின் பூசல், குட்டியை இழந்த மந்தியின் கதறல் என ஒலிகள் தொடர்கின்றன. அரமகளிரின் ஒலியை இவற்றினின்று பிரிக்கும் எச்சொல்லும் இல்லை. 'என்பர்' என்றோ 'போலும்' என்றோ புலவர் விலகி நிற்கவில்லை. மந்தியின் துயரும் அரமகளிரின் விளையாட்டும் ஒரே மலையின் ஒலிகள். இயற்கை, இயற்கை கடந்தது என்னும் பிரிவை நாம் கொண்டுசென்று பாட்டின்மேல் ஏற்றுகிறோம்; பாட்டு அதனை அறியாது.

கொடிச்சியர் பாடல் பற்றி இன்னொன்று கூறவேண்டும். அதனைப் புலவர் காப்பு என்கிறார். எதனின்று காப்பது என அவர் கூறவில்லை. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில்கிழார், புண்பட்ட வீரனைக் காக்க வீட்டு இறப்பில் வேப்பிலையும் இரவந்தழையும் செருகி, ஐயவி சிதறி, குழலூதி, காஞ்சி பாடும் முறையை விரிக்கிறார். புண்பட்டோரைப் பேய் நெருங்காமல் மனைவி காத்தலைத் தொல்காப்பியரும் காஞ்சித்துறையுள் ஒன்றாகக் கூறினார். இவற்றோடு வைத்து நோக்கின், மலைபடுகடாத்தின் கொடிச்சி பாடியதும் பேயை அகற்றவே எனக் கொள்ளலாம். ஆனால் பேய் என்னும் சொல் அவ்வடிகளில் இல்லை. பாடல் ஒலிக்கிறது, பேய் வரவில்லை. வாராத பேயைப் பெயரிட்டுக் கூறவேண்டிய தேவை புலவர்க்கு இல்லை.

7. பேய் வேறு, சூர் வேறு

பேயின் இயல்பு யாது? திருமுருகாற்றுப்படையில் ஏறத்தாழ இருபது அடிகளுக்குள் சூரரமகளிர், முருகனால் அழிந்த சூர், பேய்மகள் ஆகிய மூவரும் அடுத்தடுத்து வருகின்றனர். சூரரமகளிர் சோலையில் முருகனை வாழ்த்தி ஆடுகின்றனர். சூர் அவன் வேலுக்கு இரையாகிறது. பேய்மகள் காய்ந்த கூந்தலும் பிறழ்ந்த பல்லும் உடையவளாய்ப் பிணந்தின்று துணங்கை ஆடுகிறாள். 'சூர்' என்னும் ஒரே சொல் வாழ்த்தும் மகளிர்க்கும் அழியும் பகைக்கும் அடையாக நிற்கும் இவ்விடம் சொற்பொருள் வரலாற்றில் ஒரு திருப்பம். இடத்தின் அச்சமாயிருந்த சூர் இங்கே முருகனின் பகையாக உருப்பெறத் தொடங்குகிறது. பின்னர்க் கந்தபுராணத்தில் சூரபன்மனாக முழுவடிவம் பெறுகிறது. தீமையின் வடிவம் சூருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அப்பிற்காலப் பொருளை மலைபடுகடாத்துச் சூருக்கு ஏற்றுதல் முறையன்று.

பேய்மகளோ பசியால் அறியப்படுபவள். இப்பசியே கலிங்கத்துப்பரணியில் ஒரு கதையாக விரிகிறது. சயங்கொண்டார் 'பேய் முறைப்பாடு' என ஒரு பகுதியே அமைத்து, பசியால் வாடிய பேய்கள் காளியிடம் முறையிடுமாறு செய்தார். அரசனின் வெற்றி பேய்களின் உணவாகிறது. நாட்டார் வழிபாட்டிலும் இப்பசி மறையவில்லை. மாசித் திங்களில் மகாசிவராத்திரியை அடுத்து வேலூரில் பாலாற்றங்கரைச் சுடலையில் நிகழும் மயானக் கொள்ளைக்கு அடியாக வழங்கும் மேல்மலையனூர்க் கதையில், சிவன் கையில் ஒட்டிய பிரமனின் மண்டையோடு இட்ட உணவையெல்லாம் தானே உண்கிறது. அம்மன் சுடலையில் உணவைச் சிதற, அதனை உண்ண அது கீழிறங்குகிறது. விழாவிலும் உணவுப்பொருள்கள் இறைக்கப்படுகின்றன. பேயை அழிப்பதினும் அதற்கு உணவிடுதலே இங்குத் தலையாய செயல்.

ஆக, சூர் இடத்தால் அறியப்படுவது. அதற்கு வேண்டியது அடக்கம். நடுகல் மறவன் பெயரால் அறியப்படுபவன். அவனுக்கு வேண்டியது பாட்டு. பேய் பசியால் அறியப்படுவது. அதற்கு வேண்டியது உணவு, அல்லது அதனைத் தடுக்கும் காப்பு. இம்மூன்றும் மூன்று உறவுகள், மூன்று ஒழுகலாறுகள்.

8. ஒரு மறுப்பும் விடையும்

சூர் உறையும் சரிவு என்பது வெறும் மரபடை; 'முகில் தவழும் மலை' என்பதுபோல ஓசைக்காக வந்தது; அதனைக்கொண்டு இத்துணைப் பெரிய முடிபு காணலாமோ எனச் சிலர் வினவலாம். சூர் என்னும் அடை சங்கப் பாடல்களில் மரபாக வருவது உண்மையே. ஆயின் இப்பாட்டில் அது விலக்கும் காரணமும் கொண்ட ஓர் ஏவலுள் அமைந்துள்ளது. அதற்கு முன்னுள்ள கடவுள் பற்றிய அறிவுரையும், பின்னர் வரும் நடுகல் பற்றிய அறிவுரையும் அதே ஏவல் வடிவில் உள்ளன. மூன்றும் ஒரே அமைப்பில் வருவதால், அடை மரபானதாயினும் அதன் இடம் மரபானதன்று. வழக்கிலிருந்த அடையை வழிக்குறிப்பாக மாற்றியதே பெருங்கௌசிகனாரின் புலமை.

இவ்வுயிர்களை நம்பினாரா புலவர் என்னும் வினாவும் எழக்கூடும். அவ்வினாவிற்குப் பாட்டிலிருந்து விடை பெற இயலாது. பெறவேண்டிய தேவையும் இல்லை. நம்பிக்கையைப் பற்றியன்று, நடத்தையைப் பற்றியே பாட்டுப் பேசுகிறது. தொழுதல், தொடாதிருத்தல், நோக்காதிருத்தல், இசைத்தல் என அது கூறுவன யாவும் செயல்கள்.

9. முடிபு

மலைபடுகடாம் ஓசையின் பாட்டு. ஓசையையே தொழிலாகக் கொண்ட மக்கள் பிறர் உறையும் மலையைக் கடக்கும்போது, அவ்வோசையை எங்கே அடக்குவது, எங்கே எழுப்புவது என்பதை அது கற்பிக்கிறது. அம்மலையில் உறைவோருள் குறவரும் கானவரும் உள்ளனர். மந்தியும் யானையும் உள்ளன. கடவுளும் சூரும் அரமகளிரும் இறந்த மறவரும் உள்ளனர். எல்லாரும் அம்மலைக்கு உரியவர். வழிச்செல்லும் கூத்தரே புதியவர். புதியவர் உரியவரை மதித்து நடக்கவேண்டும் என்னும் பண்பாடே இவ்வழிக்குறிப்புகளின் உயிர்.

இன்று அமிர்தி வழியாகவும் செங்கம் வழியாகவும் சவ்வாது மலையேறி மலையாளி மக்களின் வழக்காறுகளைத் தொகுக்கும் மாணவரும் அம்மலைக்குப் புதியவரே. அவர்கள் கேட்கவேண்டிய முதல் வினா 'இங்குப் பேய் உண்டா' என்பதன்று. 'இவ்விடத்தில் எப்படி நடக்கவேண்டும், எதைச் செய்யலாகாது' என்பதே. அவ்வாறு கேட்போர்க்கு மலையின் மக்கள் கூறும் விடையில் அணங்கும் கன்னியும் முனியும் வீரனும் தத்தம் பெயரோடும் இடத்தோடும் வருவர். அவரவரை அவரவர் பெயராலேயே எழுதுதல் ஆய்வு நெறி. அனைவரையும் பேயென்று எழுதுதல், மதில் சூழ்ந்த கடவுளின் முன் வீணே முழவைத் தட்டுதல் போன்றது.